இடது கை சொன்ன பொய்

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் கடலோர நகரமான ஸ்ஃபாக்ஸில் கல்யாணம் இல்லாத தெரு கிடையாது. கிரெம்தா சாலை மூன்றாம் கிலோமீட்டரில், ரொட்டிக்கடைக்கு மேல்மாடியில் இருந்த நெஸீஹாவின் சலூனில் அந்த மாதம் முழுக்க நாற்காலிகளின் சூடு ஆறாது. காலை ஏழு மணிக்குக் கதவைத் திறந்தால் கடைசி மணப்பெண் படியிறங்கும்வரை அவள் நின்றுகொண்டேதான் இருப்பாள். நாற்பத்து மூன்று வயது. ஒல்லி உடம்பு. இடது கைக்காரி. முடி உலர்த்தும் மெஷினை இடது கையில் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, வலது கையால் சீப்பைச் சுழற்றி அவள் முடியை இழுத்துவிடும் வேகத்தைப் பார்த்தே தூரத்துச் சாலைகளிலிருந்தெல்லாம் பெண்கள் தேடி வந்தார்கள்.

அந்த இடது கைதான் இரண்டு வருடமாக அவளைப் படுத்தியது. மெஷினைத் தூக்கி ஐந்து நிமிடம் ஆனால் போதும், தோளிலிருந்து முழங்கைவரை ஒரு கடுப்பு இறங்கும். விரல்கள் ஜில்லிட்டுப்போகும். கையைத் தொங்கவிட்டுச் சற்று நின்றால் சரியாகிவிடும். இந்தக் கோடையில் அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. கை கடுக்கும்போதே தலை கிறுகிறுத்தது. எதிர்க் கண்ணாடியில் தெரியும் முகம் தண்ணீருக்குள் கிடப்பதுபோல் நெளிந்தது.

"ஏண்டி, நாற்காலியைப் பிடிச்சிக்கிட்டு என்ன கனவு? அந்தப் பொண்ணு தலை பாதி காஞ்சு பாதி ஈரமா கெடக்கு" என்பாள் மொன்ஜியா. மொன்ஜியாவுக்கு ஐம்பது வயது. கணவனை இழந்தவள். பன்னிரண்டு வருடமாக நெஸீஹாவோடு கூடவே வேலை பார்க்கிறவள். கத்தரிக்கோலைவிட வாய் கூர்மை.

"தோள் பிடிச்சிக்கிச்சு."

"தோள் பிடிக்கல. உனக்கு ஸ்ஃபாக்ஸ்காரி புத்தி பிடிச்சிருக்கு. ஒரு நாள் கடையை மூடினா கடல் பொங்கி ஊரே முழுகிடும்னு நினைப்பு."

பக்கத்துச் சுகாதார நிலையத்துக்கு அவள் போகாமல் இல்லை. அங்கே நர்ஸின் மேசை சுவரை ஒட்டிக் கிடந்தது. போகிறவர்கள் எல்லாரும் இடது கையைத்தான் நீட்ட முடியும். ஒவ்வொரு முறையும் ரத்த அழுத்தம் நூற்றுப் பதினைந்துக்கு எழுபது. "உனக்கென்ன, பதினெட்டு வயசுப் பொண்ணு பிரஷர். எனக்கு இப்படி இருந்தா வர்ற கல்யாணத்துல எல்லாம் ஆடுவேன்" என்று நர்ஸ் சிரித்துக்கொண்டே பட்டையைக் கழற்றுவாள். வலிக்கு ஒரு களிம்பு எழுதிக் கொடுப்பார்கள். நெஸீஹாவுக்கும் அதில் ஒரு நிம்மதி. உடம்பைப் பற்றி யாரும் அதிகம் கேட்காமல் இருப்பதே அவளுக்குப் பெரிய நிம்மதிதான்.

ஒரு வியாழக்கிழமை மதியம் களிம்பு தீர்ந்துபோய், தெருமுனை மருந்துக்கடைக்குப் போனாள். கடைக்காரர் ஹாஷ்மியை ஊரே டாக்டர் என்றுதான் கூப்பிடும். வழுக்கைத் தலை, மெதுவான பேச்சு. களிம்பை எடுத்து வைத்தவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை நிறுத்தினார்.

"மதாம், உட்காருங்க. முகம் வெளுத்திருக்கு."

"வெயில், டாக்டர்."

"வெயிலாவே இருக்கட்டும். அழுத்தம் பார்த்துடுவோம். வலிக்கிற கை வேண்டாம், இன்னொரு கையைக் குடுங்க."

வலது கையில் பட்டையைச் சுற்றினார். காற்று ஏறியது. மெஷின் நின்றபோது அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு எண்ணை மறுபடி பார்த்தார். நூற்றுத் தொண்ணூற்று நான்குக்கு நூற்றுப் பத்து. மெஷின் கெட்டுவிட்டதோ என்று உள்ளே போய் இன்னொன்றைக் கொண்டுவந்தார். அதிலும் அதேதான். பிறகு, வலித்தாலும் பரவாயில்லை என்று இடது கையை வாங்கினார். நூற்றுப் பன்னிரண்டுக்கு அறுபத்தெட்டு.

டாக்டர் ஹாஷ்மி மெஷினை ஒதுக்கி வைத்தார். அவளுடைய இரண்டு மணிக்கட்டையும் ஒரே சமயத்தில் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டார். வலதில் நாடி குதித்தது. இடதில் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

"மதாம், உங்க இடது கைக்கு ரத்தம் சரியாப் போகல. அதனாலதான் அது கம்மியாக் காட்டுது. நிஜ அழுத்தம் வலது கையில இருக்கிறதுதான். எத்தனை வருஷமா இப்படி இருக்கோ தெரியல." குரலைத் தாழ்த்தினார். "முன்னாடி ஏதாவது பெரிய வியாதி? நெஞ்சுல, கழுத்துல ஏதாவது ஆபரேஷன், கரண்ட் வைத்தியம்?"

சர்க்கரை மாத்திரை வாங்க வந்திருந்த கிழவி ஒருத்தி பக்கத்து பெஞ்சில் இருந்தாள். நெஸீஹாவின் மாமியார் ஷெத்லியாவுக்கு அவள் தினசரித் தோழி. அவளுடைய காது இந்தப் பக்கம் திரும்பியிருப்பது தலைத்துணியையும் மீறித் தெரிந்தது.

"இல்ல, டாக்டர். காய்ச்சல்கூட வந்ததில்ல."

சொன்னது பொய். அவளுக்குப் பத்தொன்பது வயதில் கழுத்தில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு கட்டி வந்தது. பிறகு இரண்டு. நிணநீர்ப் புற்றுநோய் என்றார்கள். அந்த ஊர்களில் அதன் பெயரை யாரும் சொல்வதில்லை, 'அந்தக் கெட்ட நோய்' என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். அப்பா அவளைத் தலைநகர் தூனிஸுக்குக் கூட்டிக்கொண்டுபோனார். ஆறு மாதம் ஊசி மருந்து. அப்புறம் கழுத்துக்கும் நெஞ்சுக்கும் கதிர்வீச்சு. பிறந்த ஊரான மஹ்தியாவில் அக்கம்பக்கத்துக்கு, அவள் தூனிஸில் தையல் படிக்கிறாள் என்று சொல்லியிருந்தார்கள். முடி மறுபடி வளரும்வரை ஊருக்கு வரவில்லை. குணமாகிவிட்டது. ஆயுள் முழுக்க வருடம் ஒருமுறை வந்து காட்ட வேண்டும் என்று டாக்டர்கள் சொன்னார்கள். ஐந்து வருடம் போனாள். ஆறாவது வருடம் அப்பா சொன்னார்: "நல்லாத்தானம்மா இருக்கே. நாளைக்கு உன்னைக் கட்டிக் குடுக்கணும். அந்த வாசல்ல நம்மை யாராவது பார்த்துட்டா?" அதோடு நின்றது. இருபத்தொன்பது வயதில் அவளைப் பெண் கேட்டு வந்தவர்கள் எதுவும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று அப்பா முடிவுசெய்தார். அப்பா காலமாகி இப்போது எட்டு வருடம்.

டாக்டர் ஹாஷ்மி ஒரு காகிதத்தில் இரண்டு கைகளின் அளவையும் எழுதி, ஒரு இதய டாக்டரின் பெயரையும் எழுதிக் கொடுத்தார். "இன்னிக்கே போங்க. நாளைக்கு இல்ல, இன்னிக்கே."

"ஞாயித்துக்கிழமை கல்யாண நெருக்கடி முடிஞ்சிடும். திங்கட்கிழமை போறேன்."

"ரத்தக்குழாய்க்குக் கல்யாணம் கருமாதி எல்லாம் தெரியாது, மதாம்."

அவள் காகிதத்தை நான்காக மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். வீட்டை நோக்கி வேகமாக நடந்தாள். இருபத்து மூன்று வருடத்துக்கு முன்னால் முடிந்துபோன ஒன்று இன்னும் உடம்புக்குள் நடந்துகொண்டிருக்கிறதோ என்ற எண்ணத்தை நெருங்கவே பயந்தாள். வாசலில் ஷெத்லியா நின்றிருந்தாள். அதற்குள் செய்தி வந்துசேர்ந்திருந்தது.

"என்னடி, மருந்துக்கடையில உட்கார்ந்திருந்தியாமே? மாசமா இருக்கியா?"

நாற்பத்து மூன்று வயதிலும் ஷெத்லியா அந்தக் கேள்வியைக் கைவிடவில்லை. பதினான்கு வருடமாக அவள் காய்ச்சிக் கொடுத்த கசாயங்களையும், தர்காக்களில் கட்டிய துணிகளையும் எண்ணினால் ஒரு வண்டி தேறும்.

"இல்ல அத்தை. தோள்வலி."

இரவுச் சாப்பாட்டில் கணவன் தவ்ஃபீக், "அம்மா ஏதோ சொன்னாங்க, உடம்புக்கு என்ன?" என்று கேட்டான். மீன் சந்தையில் குளிர்சாதன அறைகளைப் பழுதுபார்க்கிறவன். அதிகம் பேசாதவன். பார்லிக் கஞ்சியில் ரொட்டியைத் தோய்த்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஒண்ணுமில்ல" என்றாள் நெஸீஹா. அவனும் விட்டுவிட்டான்.

சனிக்கிழமை மணப்பெண்ணின் பெயர் யுஸ்ரா. இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி. அவளுடைய அம்மா, இரண்டு அத்தைகள், தோழிகள் என்று மாடி நிரம்பி வழிந்தது. பாதாம் சர்பத்தும் பேச்சுமாக ஒரே இரைச்சல்.

"இந்த முடியை முடிக்கறதுக்குள்ள மாப்பிள்ளைக்குப் பேரப்பிள்ளை பிறந்துடும்" என்றாள் மொன்ஜியா. எல்லாரும் சிரித்தார்கள்.

நெஸீஹா மெஷினைத் தூக்கினாள். இடது பக்கத்தை முடித்து வலது பக்கத்துக்கு வந்தபோது தோளில் கடுப்பு தொடங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டாள். கிறுகிறுப்பு வந்தது. நாற்காலியைப் பிடித்து அதையும் கடந்தாள். பிறகு வந்தது முன்பு வந்ததே இல்லை. வலது கையிலிருந்த சீப்பு நழுவித் தரையில் விழுந்தது. குனிந்து எடுக்கப் போனாள். அந்தக் கை தன்னுடையது இல்லை என்பதுபோலத் தொங்கியது.

"சீப்பை எடு" என்று மொன்ஜியாவிடம் சொல்ல வாயைத் திறந்தாள். "தண்ணி... தண்ணி... வை" என்று ஏதோ வந்தது. தான் சொன்னது தவறு என்று அவளுக்குத் தெரிந்தது. திருத்திச் சொல்ல நினைத்தாள். சொல் தொண்டைக்கு வரவேயில்லை.

மொன்ஜியா மெஷினை அவள் கையிலிருந்து பிடுங்கி அணைத்தாள். மாடியில் இரைச்சல் சட்டென்று அடங்கியது.

"நெஸீஹா, என்னைப் பாரு. சிரி. ஏண்டி, சிரின்னு சொல்றேன்ல!"

அவள் சிரித்தாள். கண்ணாடியில் தெரிந்த முகத்தில் வாயின் ஒரு பக்கம்தான் ஏறியது. மறுபக்கம் சும்மா கிடந்தது. மொன்ஜியாவின் கணவன் போனதும் இப்படித்தான். அவள் கத்தினாள்: "வண்டி! யாராவது வண்டி கொண்டாங்க!"

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்கள். சனிக்கிழமை நெரிசல், அரைமணி நேரமாவது ஆகும் என்றார்கள். மணப்பெண்ணின் அம்மா, "ஐயையோ, இன்னிக்குப் பார்த்தா..." என்று ஆரம்பித்ததும் யுஸ்ரா எழுந்துவிட்டாள். தலையில் பாதி சுருள், பாதி ஈரம்.

"அம்மா, வாயை மூடு. கீழே நம்ம காரு நிக்குதுல்ல? அதுல ஏத்துங்க."

"அது உனக்கு அலங்காரம் பண்ணின காருடி!"

"பூ வாடினா வாடட்டும். மாமாவைக் கூப்பிடு."

இரண்டு பேர் நெஸீஹாவை நாற்காலியோடு தூக்கிப் படியிறக்கினார்கள். கூரையில் வெள்ளை ரோஜா, கண்ணாடியில் ரிப்பன், பின்னால் பட்டுத்துணி. அந்தக் காரின் பின்சீட்டில் மொன்ஜியாவின் மடியில் தலைவைத்து அவள் கிடந்தாள். யுஸ்ராவின் மாமா ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. சாலையில் போனவர்கள் கல்யாண ஊர்வலம் என்று நினைத்துப் பதிலுக்கு ஹாரன் அடித்தார்கள். மாடிகளில் நின்ற பெண்கள் வாயில் கைவைத்துக் குலவையிட்டார்கள். சிக்னலில் ஒருவன் ஜன்னலுக்குள் குனிந்து, "மணப்பொண்ணு எங்கே?" என்று சிரித்தான். மொன்ஜியா வாழ்நாளில் திட்டாத ஒரு திட்டை அவனுக்குக் கொடுத்தாள்.

நெஸீஹாவுக்கு எல்லாமே கேட்டது. ஒன்றுக்கும் பதில் சொல்ல முடியவில்லை. இத்தனை வருடம் தானே மூடிவைத்த வாய் இனித் திறக்காமலே போய்விடுமோ என்ற பயத்தில் கண்ணீர் காதுக்குள் இறங்கியது.

ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தபோது வலது கையில் ஊசி குத்துவதுபோல் உணர்ச்சி திரும்பியது. படுக்கையில் ஏற்றும்போது, "மொன்ஜியா, அந்தப் பொண்ணு தலை" என்றாள். வார்த்தை தெளிவாக வந்தது.

மொன்ஜியா அவள் நெற்றியில் அடிக்கப் போய்க் கையை இழுத்துக்கொண்டாள். "தலையாம் தலை! சாவைப் பார்த்துட்டு வந்து தலையைப் பத்திப் பேசுது பாரு." அதற்குப் பிறகுதான் அழுதாள். பிறகு அதே காரில் ஏறி, பாதியில் நின்ற முடியை முடிக்கப் போனாள்.

வார்டில் அவளைப் பார்த்தவள் டாக்டர் இனாஸ். முப்பதுகளில் இருப்பாள். வேகமாக நடந்தாலும் நிதானமாகக் கேட்பவள். தலையையும் கழுத்தையும் படம் எடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். தவ்ஃபீக் ஜன்னலருகே நின்றிருந்தான். ஷெத்லியாவை வெளி பெஞ்சில் உட்காரவைத்திருந்தார்கள்.

"நேத்து வந்தது பக்கவாதத்தோட முன்னோட்டம். கால் மணி நேரத்துல போயிடுச்சு, அதிர்ஷ்டம். மூளைக்குப் போற இடதுபக்கக் கழுத்துக் குழாய் எண்பது சதவீதம் அடைச்சிருக்கு. இடது கைக்குப் போற குழாய் கிட்டத்தட்ட மூடியே போச்சு. அதனால நீங்க கையை உசத்தும்போதெல்லாம் கை தனக்கு வேண்டிய ரத்தத்தை மூளைக்குப் போறதிலிருந்து இழுத்துக்குது. தலை சுத்தறது அதனாலதான்." படத்தை மறுபடி பார்த்தாள். "எனக்குப் புரியாத விஷயம் ஒண்ணுதான். சிகரெட் பிடிப்பீங்களா?"

"இல்ல."

"சர்க்கரை?"

"இல்ல."

"உங்க வீட்டுல சின்ன வயசுலயே யாருக்காவது மாரடைப்பு?"

"யாருக்கும் இல்ல."

"எழுபது வயசு ஆளுக்கு இருக்கிற குழாய் நாற்பத்து மூணு வயசுல எப்படி வந்துச்சு? அதுவும் கழுத்துலயும் தோள்லயும் மட்டும். கால்ல பார்த்தா சுத்தமா இருக்கு." அவள் நெஸீஹாவின் கழுத்தருகே குனிந்து, எலும்புக்கு மேலிருந்த சின்ன வெள்ளைத் தழும்பைத் தொட்டாள். "இது?"

"சின்ன வயசுல வந்த கொப்புளம்."

டாக்டர் இனாஸ் நிமிர்ந்தாள். நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. "நாளைக்குக் காலையில ஆபரேஷன் டாக்டர் கழுத்தைத் திறந்து குழாயைச் சுத்தம் பண்ணலாம்னு சொல்றார். இன்னொரு தடவை வந்தா, அது கால் மணி நேரத்துல போகும்னு யாரும் சொல்ல முடியாது. ஆனா அந்த இடத்துல முன்னாடி ஏதாவது வைத்தியம் நடந்திருந்தா கத்தி வைக்கிறது ஆபத்து. தோலும் சதையும் ஆறாது. அதனாலதான் கேக்கறேன்." ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைக் குறைத்தாள். "தனியா பேசணும்னா அவரை வெளிய அனுப்பட்டுமா?"

அதுதான் நெஸீஹாவுக்குக் கிடைத்த கடைசிக் கதவு. தலையாட்டியிருந்தால் போதும். டாக்டரிடம் மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் மறுபடியும் பழையபடி வாழ்ந்திருக்கலாம். அவள் தவ்ஃபீக்கைப் பார்த்தாள். நேற்றிலிருந்து மாற்றாத சட்டை. கண்கள் சிவந்திருந்தன. நேற்று வாய் திறக்காமல் கிடந்த அந்தக் கால் மணி நேரம் நினைவுக்கு வந்தது.

"வேண்டாம். அவன் இருக்கட்டும்" என்றாள். "எனக்குப் பத்தொன்பது வயசுல அந்தக் கெட்ட நோய் வந்தது. கழுத்துலயும் நெஞ்சுலயும். தூனிஸ்ல மருந்து ஏத்தினாங்க. அப்புறம் முப்பத்தஞ்சு நாளைக்குப் பக்கமா கதிர் வச்சாங்க."

டாக்டர் இனாஸ் மெதுவாக மூச்சை விட்டாள். "இப்பப் புரியுது. அன்னிக்கு அந்தக் கதிர்தான் உங்க உயிரைக் காப்பாத்தினது. அதுவே குழாயோட உள்தோலைச் சுட்டுட்டும் போயிருக்கு. இருபது வருஷம் கழிச்சுக்கூட இப்படி அடைப்பு வரும். போதாததுக்கு வலது கையில மறைஞ்சிருந்த அழுத்தம் வேற." எழுந்தாள். "கத்தி வேண்டாம். தொடை வழியா கம்பி விட்டு உள்ளே ஸ்டென்ட்னு ஒரு வலைக்குழாய் வைக்கலாம். ஆனா கதிர் எங்கே எவ்வளவு வச்சாங்கன்னு பெரிய டாக்டர் எழுத்துல கேப்பார். பழைய காகிதம் இருக்கா?"

"அம்மாகிட்ட இருக்கலாம். மஹ்தியாவுல."

"இன்னிக்கு ஞாயிறு, தூனிஸ்ல ரெக்கார்டு ரூம் திறக்காது. கிடைச்சா நாளைக்கு எட்டு மணிக்குள்ள வேணும்." அவர்கள் இருவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு வெளியே போனாள்.

தவ்ஃபீக் ஜன்னலை விட்டு நகரவில்லை. அங்கிருந்தபடியே கேட்டான்.

"அந்த மருந்தாலதான் நமக்குப் பிள்ளை இல்லையா?"

"வராமப் போகலாம்னு சொன்னாங்க. நிச்சயம்னு சொல்லல."

"கல்யாணத்துக்கு முன்னாடியே உனக்குத் தெரியும்."

"தெரியும்."

அவன் சிரித்தான். பார்க்கச் சகிக்காத சிரிப்பு. "நான் டெஸ்ட் பண்ணிக்கிட்டேன். மூணாவது வருஷம். எனக்கு ஒரு குறையும் இல்லைன்னு வந்துச்சு. உன்னை அம்மா வார்த்தையால கொன்னுடுவாங்கன்னு, குறை எனக்குத்தான்னு சொன்னேன். பதினோரு வருஷமா என் அம்மா என்னைப் பார்க்கிற பார்வை உனக்குத் தெரியுமா? அண்ணன் வீட்டுக்குப் போனா அவங்க பிள்ளைங்களை என் பக்கத்துல இருந்து நகர்த்துவாங்க, நான் ஏங்கிடுவேன்னு. நீயும் அந்தச் சாப்பாட்டு மேசையிலதானே உட்கார்ந்திருந்தே?"

அவன் தன் அம்மாவிடம் அப்படிச் சொன்னது அவளுக்குத் தெரியும். அடுப்படியில் நின்று கேட்டிருக்கிறாள். அன்றைக்கு ஓடிப்போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"தவ்ஃபீக்..."

"கூப்பிடாதே." பிக்கப் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். வெளியே ஷெத்லியா, "எங்கேடா போறே? என்னடா ஆச்சு?" என்று கூப்பிட்டது கேட்டது. அவன் நின்ற சத்தம் கேட்கவில்லை.

சாயங்காலம் அவள் போன் செய்தாள். எடுக்கவில்லை. மறுபடி செய்தாள். அணைத்து வைத்திருந்தான். மஹ்தியாவுக்குக் கூப்பிட்டு அம்மாவிடம் காகிதத்தைத் தேடச் சொன்னாள். அம்மா போனிலேயே அழத் தொடங்கினாள். "யார்கிட்டச் சொன்னே? உங்கப்பா சத்தியம் வாங்கினாரே!" "அப்பா போயிட்டார் அம்மா. நானும் போகணுமா?" அம்மாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. மஹ்தியாவிலிருந்து அந்த நேரத்துக்கு வாடகை வண்டியும் கிடைக்காது. தாதி வந்து ஒவ்வொரு மணிக்கும் கையைத் தூக்கச் சொன்னாள், பெயரைச் சொல்லச் சொன்னாள். ஒவ்வொரு முறையும் நெஸீஹா எழுத்துக்கூட்டுவதுபோல் மெதுவாகச் சொன்னாள். நாக்கில் சின்னத் தடுமாற்றம் வந்தாலும் இதோ வந்துவிட்டது என்று உடம்பு விறைத்தது.

விடிந்தது. ஏழு மணிக்குப் பெரிய டாக்டர் வந்து படத்தைப் பார்த்துவிட்டு, காகிதம் வரவில்லையா என்று கேட்டார். ஏழரைக்கு அவளைத் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். லிஃப்ட் வாசலில் நிற்கும்போது படிக்கட்டுப் பக்கம் வேகமாக யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது.

தவ்ஃபீக். கையில் துணியில் சுற்றிய ஒரு பழைய அட்டைக் கோப்பு. அவன் அவளைப் பார்க்கவில்லை. நேராக டாக்டர் இனாஸிடம் போய் நீட்டினான்.

"மஹ்தியாவுல இவ அம்மா துணிப்பெட்டிக்கு அடியில வச்சிருந்தாங்க. எல்லாம் இருக்கான்னு பாருங்க."

டாக்டர் இனாஸ் அங்கேயே நின்று புரட்டினாள். மஞ்சளான தாள்கள், உடம்பின் வரைபடத்தில் பென்சிலால் போட்ட கட்டங்கள். "இருக்கு. கழுத்து ரெண்டு பக்கமும், நெஞ்சு நடுவுலயும். அளவும் இருக்கு." கடைசித் தாளில் விரலை வைத்துச் சற்று நின்றாள். "இங்கேயே எழுதியிருக்காங்க. ஆயுள் முழுக்க இதயத்தையும் தைராய்டையும் பார்க்கணும்னு."

தவ்ஃபீக் சுவரில் சாய்ந்து நின்றான். தள்ளுவண்டி லிஃப்டுக்குள் போகும்போது, "பயப்படாதே" என்றான். அவளுக்குச் சொன்னானா தனக்கே சொல்லிக்கொண்டானா என்று தெரியவில்லை.

அன்று கழுத்துக் குழாயில் வலைக்குழாய் வைத்தார்கள். ஒரு மாதம் கழித்துக் கைக்குப் போகும் குழாயைத் திறந்தார்கள். அதற்கு மறுநாள் டாக்டர் இனாஸ் இரண்டு கைகளிலும் அழுத்தம் பார்த்தாள். வலதில் நூற்று முப்பத்தாறு, இடதில் நூற்று முப்பத்திரண்டு. "இப்பத்தான் ரெண்டும் ஒரே பேச்சுப் பேசுது" என்றாள். அழுத்தத்துக்கு மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, கொழுப்புக்கு ஒன்று. ஆயுள் முழுக்க.

தவ்ஃபீக் வீட்டை விட்டுப் போகவில்லை. ஆனால் இரண்டு மாதம் அவளோடு தேவைக்கு மட்டும்தான் பேசினான். மாத்திரைப் பெட்டியைத் தண்ணீரோடு கொண்டுவந்து வைப்பான், திரும்பிப் போய்விடுவான். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவான், வண்டியில் ரேடியோவைச் சத்தமாக வைப்பான். நெஸீஹா மன்னிப்புக் கேட்டாள். ஒருமுறை இல்லை, பலமுறை. "கேட்டுட்டே. போதும். கொஞ்ச நாள் விடு" என்றான்.

ஷெத்லியாவிடம் நெஸீஹாவே போய்ச் சொன்னாள். வேறு யார் வாயிலும் அது போகக் கூடாது என்று நினைத்தாள். கிழவி பாதாம் உரித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டாள்.

"அப்போ என் பிள்ளை மேல குறை இல்லையா?"

"இல்ல அத்தை. அவன் எனக்காகச் சொன்னான்."

ஷெத்லியா முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிறகு சட்டென்று துணியை விலக்கினாள். "குறை அவன்கிட்டன்னு நினைச்சும் ஒரு நப்பாசையில உனக்குக் காய்ச்சிக் குடுத்தேன். அந்தக் கசாயத்தையெல்லாம் ஏண்டி குடிச்சே? அந்தக் கசப்பு மனுஷன் குடிப்பானா?"

"நீங்க ஆசையாக் குடுத்தீங்க. எப்படி வேண்டாம்னு சொல்றது?"

"பைத்தியக்காரி" என்றாள் ஷெத்லியா. பத்து நாள் அவளோடு பேசவில்லை. பதினோராவது நாள் உப்பில்லாமல் மீன் சமைத்துக்கொண்டு வந்து மேசையில் வைத்தாள். "உப்பு உனக்கு ஆகாதாமே. நாங்களும் இனி இந்தக் கருமத்தைத்தான் தின்னணும்."

சலூனை மூடவில்லை. மொன்ஜியா மெஷினைப் பிடிக்கிறாள், நெஸீஹா உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து வெட்டுவதையும் சாயம் பூசுவதையும் பார்த்துக்கொள்கிறாள். யுஸ்ராவின் கல்யாணப் படத்தில் முடியின் வலது பக்கம் கொஞ்சம் கோணல். மொன்ஜியா அதை ஒப்புக்கொள்ளவே இல்லை.

ஜனவரியில், பதினெட்டு வருடத்துக்குப் பிறகு, நெஸீஹா தூனிஸில் அந்தப் பழைய ஆஸ்பத்திரி வாசலுக்குள் போனாள். தவ்ஃபீக் ஓட்டிக்கொண்டு வந்தான். தாழ்வாரத்தில் பெஞ்சு நிறையப் பெண்கள். சிலர் தலைத்துணிக்குள் முடியில்லாமல் இருந்தார்கள். சிலருக்கு அவள் வயது. பதிவு ஜன்னலில் இருந்த பெண் பெயரைக் கேட்டாள். நெஸீஹா சொன்னாள். எந்த நோய், எந்த வருடம் என்று கேட்டாள். பின்னால் வரிசையில் பத்துப் பேர் நின்றார்கள்.

"நிணநீர்ப் புற்றுநோய். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தி ஒன்பது" என்றாள், எல்லாருக்கும் கேட்கும்படி.

அன்று தைராய்டு மந்தமாக இருப்பது தெரிந்தது. அதற்கும் ஒரு மாத்திரை. இதய வால்வில் லேசான தடிப்பு, வருடாவருடம் பார்த்தால் போதும் என்றார்கள். வெளியே வந்து பிக்கப்பில் ஏறியதும் தவ்ஃபீக் சாவியைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தான்.

"வேற ஏதாவது இருக்கா? எனக்குத் தெரியாதது?"

"இல்ல."

"நிச்சயமா?"

அவள் யோசித்தாள். "போன வாரம் நீ வாங்கி வச்ச உப்பு போட்ட பாதாமை நான்தான் தின்னேன். உங்கம்மா இல்ல."

அவன் முன்கண்ணாடியைப் பார்த்தபடியே தலையை ஆட்டினான். உதடு ஓரம் துடித்தது. "அடுத்த தேதி எப்போ குடுத்திருக்காங்க?"

"ஜூலை ஒன்பது."

"ஜூலையில சந்தையில வேலை அதிகம்" என்றான். கொஞ்சம் பொறுத்து, "பரவாயில்ல, லீவு சொல்லிடறேன்" என்று சாவியைத் திருப்பினான்.